மலையற்ற ஊரில் மலைமேல் மிதத்தல்: உச்சிப்புளியை முன்வைத்து ஒரு முன்னாய்வு

மலைக்குமேல் மிதக்கும் ஆசை யாருக்கு வரும்? மலையில்லாத ஊர்க்காரருக்குத்தான். இக்கருதுகோளைச் சோதிக்க உச்சிப்புளியைவிடத் தோதான களம் கிடையாது. பெயரில் உச்சி உண்டு, ஊரில் இல்லை. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே நிலம் தோசைக்கல்லாய்க் கிடக்கிறது. புளியமரத்து உச்சியே ஊருக்குச் சிகரம் என்பது இவ்வாய்வாளர் கண்ட பெயர்க்காரணம். கல்வெட்டுச் சான்று கேட்பவர்கள் சித்திரை வெயிலில் வந்து கேட்கட்டும்.

மலை எங்கே போயிற்று? ஆதியில் மலைகளுக்கே சிறகிருந்ததாம். இந்திரன் வெட்ட வந்தபோது மைநாகம் மட்டும் தப்பிக் கடலுக்குள் ஒளிந்தது. பின்னாளில் இலங்கைக்குத் தாவிய அனுமன் இளைப்பாற மேலெழுந்தது. மலைமேல் மிதந்த முதல் பயணி அவரே. புறப்பட்டது மகேந்திர மலை என்று திருநெல்வேலிக்காரர்கள் உரிமை கோரலாம். புறப்பாடு அவர்களுக்கு, கடல் எங்களுக்கு.

ஊர்க்குருவி பருந்தாகாது என்ற பழமொழியையும் இங்கேயே விசாரித்துவிடலாம். ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாமுக்கு, பறவை பறக்கும் விதத்தைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டியவர் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். விமானியாகும் ஆசையுடன் இமயத்தின் அடிவாரத்து டேராடூன் வரை விமானப்படைத் தேர்வுக்குப் போனார் கலாம். இருந்தவை எட்டு இடங்கள். அவர் வந்தது ஒன்பதாவதாக. பிறகு 2006 ஜூன் 8 அன்று, 74 வயதில், குடியரசுத் தலைவராகப் புனேயில் சுகோய்-30 விமானத்தில் ஏறினார். காத்திருப்போர் பட்டியலில் முதல் எண்ணுக்கு இவ்வளவு தாமதம் ரயில்வேயில்கூடக் கிடையாது.

ஆனால் சுகோய்க்கு எஞ்சின் உண்டு. மிதத்தல் வேறு சாஸ்திரம். வெயிலேற ஏறத் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று தூணாய் எழும்புகிறது. பருந்து அதற்குள் புகுந்து, சிறகடிக்காமல் வட்டமிட்டபடியே மேலே போய்விடுகிறது. பெட்ரோல் செலவில்லை. உச்சிப்புளியின் கடற்படை விமானதளத்துக்கு 2009இல் ‘ஐ.என்.எஸ். பருந்து’ என்று பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள்.

களப்பணிக்காக ஆடி மாதத்தில் கெந்தமாதன பர்வதம் ஏறினேன். ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம், உண்மையில் மணல்மேடு. அதைப் பர்வதம் என்பது எங்கள் பக்கத்துப் பெருந்தன்மை. அங்குள்ள ராமர் பாதத்தைக் கும்பிட்டுவிட்டு, கோயில் மாடியில் நின்று தோள்துண்டை இரு கைகளாலும் விரித்தேன். கச்சான் காற்று ஒரே இழுப்பு. துண்டு மிதந்தது; ஆய்வாளர் மிதக்கவில்லை. இத்துறையில் எனக்குக் கிடைத்த ஒரே நேரடித் தரவு இதுதான்.

அடுத்த கட்ட ஆய்வு இமாச்சலத்தின் பீர்-பில்லிங்கில். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த இடம்; கிளம்பும் மேடே சுமார் 2,400 மீட்டர் உயரம். நிதி கோரி வீட்டில் விண்ணப்பித்துள்ளேன். பரிசீலனைக்குழு ஒரே ஒரு விளக்கம் கேட்டது:

“அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் புதுத் துண்டு எங்கங்க?”