மயாமியின் மூத்த வீடு: கேள்வி-பதில்

மகள் வீட்டுக்கு மயாமி போகிறோம். மாப்பிள்ளை கடற்கரை, ஷாப்பிங் மால், முதலைகள் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். நீங்கள் ஒன்று சேர்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
– வாசகி, கும்பகோணம்

‘தி பார்னக்கிள்’ என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள் அம்மா. கோகனட் குரோவ் என்ற பழைய பகுதியில், பிஸ்கேன் விரிகுடாவைப் பார்த்து நிற்கும் மர வீடு அது. ரால்ஃப் மன்ரோ என்ற படகு வடிவமைப்பாளர் 1891-ல் கட்டினார். கட்டிய இடத்திலேயே இன்றும் நிற்கும் வீடுகளில் மயாமி-டேட் கவுண்டியிலேயே வயதில் மூத்தது இதுதான். 1973-ல் அவர் குடும்பத்தாரிடமிருந்து ஃபுளோரிடா மாநில அரசு வாங்கி, எல்லோரும் போய் வரக்கூடிய வரலாற்றுப் பூங்காவாக்கியது. மயாமியில் பிரமிக்க வைக்கும் மாளிகைகள் நிறைய உண்டு. அந்த ஊரின் வெயிலையும் புயலையும் புரிந்துகொண்டு கட்டிய வீடு ஒன்றையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

பூங்கா என்றால் ஊஞ்சல், சறுக்குமரம் இருக்குமா? கூட வருகிற பேரனுக்கு ஏழு வயது.
– அதே வாசகி

அவனுக்குக் காடு இருக்கிறது. மெயின் ஹைவே என்ற தெருவில் காபிக் கடைகளையும் கார்களையும் தாண்டி ஒரு வாசல் வரும். உள்ளே நுழைந்தால் அடர்ந்த மரங்களுக்கு நடுவே பாதை போகும். உள்ளூர்க்காரர்கள் இந்த வகைக் காட்டை ஹேமக் என்பார்கள். ஒரு காலத்தில் இந்தக் கரை முழுவதும் இப்படித்தான் இருந்தது. சுற்றிலும் நகரம் எழும்பியபோது இந்தத் துண்டு மட்டும் வெட்டப்படாமல் தப்பியது. மன்ரோ இதை வேண்டுமென்றே விட்டுவைத்தார். குதிரை வண்டி போக ஒரு தடம் போட்டதோடு சரி. இன்று நாம் நடப்பதும் அந்தத் தடத்தில்தான்.

கும்போ லிம்போ என்ற மரத்தைப் பேரனுக்குக் காட்டுங்கள். செம்பழுப்புப் பட்டை மெல்லிய தாளாக உரிந்து தொங்கும். ஃபுளோரிடாவில் அதற்கு ‘டூரிஸ்ட் மரம்’ என்று செல்லப்பெயர். வெயிலில் சிவந்து தோல் உரிந்து திரியும் வெள்ளைக்காரப் பயணிகளை வைத்து வந்த பெயர். இருட்டும் ஈரமுமான அந்தப் பாதை சட்டென்று முடியும். எதிரே புல்வெளி, அதன் மேல் வீடு, அப்பால் நீலக் கடல். பையன் ஓடத்தான் செய்வான், விடுங்கள்.

அதென்ன பார்னக்கிள்?
– வாசகர், விருதுநகர்

படகின் அடியிலும் பாறையிலும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வளரும் கூம்பு வடிவக் கடலுயிர். வீட்டின் நடு அறை எண்கோணம். அதன் கூரை நாலா பக்கமும் சரிந்து, உச்சியில் ஒரு திறப்போடு முடிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த உயிரின் சாயல் தெரியும். படகுக்காரர் வேறென்ன பெயர் வைப்பார்?

மன்ரோ யார்? பரம்பரைப் பணக்காரரா?
– வாசகர், ஈரோடு

அவரை மயாமிக்கு இழுத்து வந்தது பணமில்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் வளர்ந்தவர். 1877-ல் முதன்முறை இந்தக் கரைக்கு வந்து மனதைப் பறிகொடுத்தார். அடுத்த முறை வந்த காரணம் வேறு. இளம் மனைவி ஈவாவுக்குக் காசநோய். அந்தக் காலத்தில் மருத்துவர்களிடம் இருந்த மருந்து நல்ல காற்றும் இளவெயிலும்தான். அதை நம்பி அவளை அழைத்து வந்தார். 1882-ல் ஈவா இங்கேயே இறந்துபோனாள். அவளுடைய கல்லறை கோகனட் குரோவ் நூலகத்தின் முன்புறம் இன்றும் இருக்கிறது. பார்னக்கிளிலிருந்து நடந்தே போகலாம்.

இப்படியொரு துக்கம் நடந்த ஊர்ப் பக்கமே வராமல் இருந்திருக்கலாம். மன்ரோ திரும்பத் திரும்ப வந்தார், நிலம் வாங்கினார், அங்கேயே ஊன்றிவிட்டார். 1895-ல் ஜெஸ்ஸி வெர்த் என்பவரை மணந்தார். ஒரு பெண், ஒரு பையன். 1933-ல் காலமாகும்வரை இந்தக் கரையை விடவில்லை. ஊருக்குக் கைகொடுத்த மனிதரும்கூட. பீகாக் என்ற தம்பதியைத் தூண்டி 1880-களில் அங்கே விடுதி கட்ட வைத்தார். 1887-ல் பிஸ்கேன் விரிகுடாப் படகுக் குழுவைத் தொடங்கி 22 ஆண்டுகள் தலைவராக இருந்தார். அந்தப் பதவிப் பெயரான ‘கமடோர்’ என்றே ஊரார் அவரை அழைத்தார்கள்.

அவர் எடுத்த புகைப்படங்களைத் தவறவிடாதீர்கள். ரயில் மயாமிக்கு வந்தது 1896-ல். அதற்கு முந்தைய கரை, செமினோல் பழங்குடி மக்கள், ஓலைக் குடிசைகள், படகுகள் எல்லாவற்றையும் கண்ணாடித் தகட்டில் பிடித்து வைத்தார். மயாமிக்குக் குழந்தைப் பருவம் என்று ஒன்று இருந்ததற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.

கடலோர நிலத்துக்கு அப்போது என்ன விலை?
– வாசகர், நாகர்கோவில்

1886-ல் 40 ஏக்கருக்கு 400 டாலர் ரொக்கமும், அதே மதிப்புள்ள ஒரு பாய்மரப் படகும் கொடுத்தார். படகின் பெயர் கிங்ஃபிஷ். இன்று மிஞ்சியிருக்கும் பூங்கா சுமார் 5 ஏக்கர்.

ரோடு உயர்ந்துகொண்டே போனதால் எங்கள் தெருவில் மூன்று வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார்கள். மன்ரோ வீட்டையும் தூக்கினார்களாமே?
– வாசகர், சென்னை-33

தூக்கினார்கள், காரணம்தான் வேறு. முதலில் அது மரத்தூண்களின் மேல் நின்ற ஒற்றைத் தள வீடு. பிள்ளைகள் வளர்ந்தார்கள், இடம் போதவில்லை. இடித்துக் கட்டுவதோ மேலே ஒரு மாடி எழுப்புவதோதான் வழக்கம். மேலே கட்டினால் அந்தக் கூரையைப் பிரித்தாக வேண்டும். கூரைதான் வீட்டுக்கு உயிர். எனவே 1908-ல் வீட்டை அப்படியே உயர்த்தி, அடியில் புதிதாக ஒரு தரைத்தளத்தைச் செருகினார்கள். பழைய வீடு மாடியாயிற்று. போகும்போது தோட்டத்தில் நின்று இரண்டு தளங்களையும் மாறி மாறிப் பாருங்கள். மேலே இருப்பது 1891, கீழே இருப்பது 1908. அண்ணன் மாடியிலும் தம்பி கீழேயும் குடியிருக்கும் வீடு.

ஏசி இல்லாத காலத்தில் மயாமி வெயிலை எப்படித் தாங்கினார்கள்?
– வாசகி, வேலூர்

வேலூரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். கூரை உச்சியில் திறப்பு என்றேனே, அதன் வேலையே இதுதான். சூடான காற்று லேசானது, மேலே ஏறும். எண்கோண அறையின் கூரை அதைக் குவித்து உச்சி வழியாக வெளியே தள்ளும். வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்பக் கீழே ஜன்னல்கள் வழியாகக் கடல்காற்று உள்ளே வரும். இதோடு அகலமான வரண்டாவும் முன்னால் நீண்ட இறவாரமும் சேர்ந்து வெயிலைச் சுவரில் நேராக விழவிடாமல் தடுக்கும். வீடு தரையைத் தொடாமல் தூணில் நின்றதால் அடியிலும் காற்று ஓடியது, ஈரம் ஏறவில்லை.

வீட்டுக்குள் போனதும் எண்கோண அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். சரிந்து மேலேறும் பலகைகள் ஒரே புள்ளியை நோக்கிப் போவது தெரியும். கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகளை இதைப் பார்ப்பதற்கென்றே அழைத்துப் போகலாம்.

புயல் அடிக்கடி வரும் ஊரில் மர வீடு எப்படி இத்தனை வருஷம் நின்றது?
– வாசகர், நாகப்பட்டினம்

1926 செப்டம்பரில் மயாமியைப் புரட்டிப்போட்ட பெரும்புயல், 1992 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ரூ, இரண்டுக்கும் இந்த வீடு பெரிய சேதமில்லாமல் தப்பியது. கட்டியவர் கப்பல் மரத்தின் குணம் அறிந்தவர். உடைந்த கப்பல்களிலிருந்து மீட்ட மரங்களை வீட்டுக்குப் பயன்படுத்தினார். கடலில் அலைபட்டும் உறுதி குறையாத மரம் அது. நாலு பக்கமும் சரியும் கூரையில் காற்று மோதி நிற்காமல் வழுக்கிப் போகும். வீட்டை அலையோரத்தில் வைக்காமல் மேட்டில் ஏற்றி வைத்தார்.

ஆனாலும் ஆண்ட்ரூ வெறுங்கையோடு போகவில்லை. மன்ரோ வடிவமைத்த மிக்கோ என்ற பழம்பெரும் படகு அதில் சிதைந்துபோனது. நூறு வயதுப் படகு ஒரே இரவில் போயிற்று.

அவர் கட்டிய படகுகளில் அப்படி என்ன விசேஷம்?
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் ஊர்க்காரருக்குச் சுலபமாகப் புரியும். பிஸ்கேன் விரிகுடாவில் தண்ணீர் ஆழம் கம்மி. ஏராக்கட்டை ஆழமாக இறங்கும் படகு அங்கே மணலில் தட்டி நின்றுவிடும். அடி தட்டையான படகோ வெளிக்கடலில் அலைக்குத் தாங்காது என்பது அன்றைய எண்ணம். மன்ரோ 1886-ல் எக்ரெட் என்று 28 அடிப் படகு ஒன்றை வடிவமைத்தார். முன்னும் பின்னும் கூர். கொஞ்சத் தண்ணீரிலும் மிதக்கும், நடுவில் இருக்கும் பலகையை இறக்கினால் பக்கவாட்டில் இழுபடாமல் பாய் விரித்து ஓடும், அலைக்கும் ஈடுகொடுக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட படகுகளை வடிவமைத்தவர் அவர். மரப்படகு செய்பவர்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். கரையோரம் படகுக் கொட்டகை இருக்கிறது, வீட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்வாசியை அதற்குக் கொடுங்கள்.

கமடோர் கட்டினார், கமடோர் வாழ்ந்தார் என்கிறீர்கள். உழைத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லையே?
– வாசகர், தஞ்சாவூர்

கேட்டதற்கு நன்றி. ஒரு வரி போதாது. கோகனட் குரோவை ஊராக்கியதில் பெரும்பங்கு பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்களுடையது. பீகாக் விடுதிக்கு வேலைக்கு வந்தவர்கள், அருகிலேயே தங்களுக்கென்று ஒரு குடியிருப்பை உருவாக்கினார்கள். சுண்ணாம்புப் பாறையை வெட்டிக் கட்டவும், அந்தப் பாறை மண்ணில் பழமரம் வளர்க்கவும் தெரிந்தவர்கள். வடக்கிலிருந்து வந்த வெள்ளையர்களுக்கு அந்த மண் புதிது, இவர்களுக்கு அது கைவந்த மண்.

பார்னக்கிள் வாசலுக்கு வெளியே மெயின் ஹைவேயைக் கடந்தால் சார்லஸ் அவென்யூ. அவர்கள் குடியேறிய தெரு அது, முன்பு எவாஞ்சலிஸ்ட் தெரு என்று பெயர். விடுதியில் வேலை செய்த மரியா பிரவுன் என்ற பெண்மணி அந்தத் தெருவில் சொந்த வீடு கட்டினார். பஹாமாஸிலிருந்து சிறுவயதில் வந்த ஈ. டபிள்யூ. எஃப். ஸ்டிரப் நிலம் வாங்கி, தன் மக்கள் குடியிருக்கப் பல வீடுகள் எழுப்பினார்.

இங்கேதான் எனக்கு வருத்தம். தெருவின் ஒரு பக்கம் காட்டோடும் கரையோடும் சேர்த்து ஒரு வீட்டை மாநில அரசு பத்திரமாக வைத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அந்த மக்களின் பழைய வீடுகள் பல நில விலை ஏற ஏற ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. கமடோர் வீட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்களுக்கும் அன்றே கிடைத்திருக்க வேண்டும். பார்னக்கிளை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடாதீர்கள். சாலையைக் கடந்து அந்தத் தெருவிலும் நடங்கள்.

வில்லா விஸ்கயாவா, பார்னக்கிளா? ஒரே நாள்தான் இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பார்னக்கிள். விஸ்கயா 1910-களில் ஜேம்ஸ் டீரிங் என்ற தொழிலதிபர் இத்தாலிய பாணியில் எழுப்பிய மாளிகை, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஐரோப்பாவில் கொண்டுபோய் வைத்தாலும் அது பொருந்தும். மன்ரோவின் வீடு இந்தக் கரைக்கு மட்டுமே உரியது. மறுநாள் கிடைத்தால் விஸ்கயாவுக்கும் போங்கள், அதே விரிகுடாவின் கரையில்தான் இருக்கிறது.

அந்த 5 ஏக்கரை விற்றால் அடுக்குமாடி கட்டி எத்தனையோ பேர் குடியிருக்கலாமே. ஒரு பழைய வீட்டுக்காக அரசு பிடித்து வைத்திருப்பது சரியா? வேண்டுமானால் வீட்டை மட்டும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்கலாம்.
– வாசகர், திருப்பூர்

சரி என்பதே என் உறுதியான கருத்து. கூரைத் திறப்பு வேலை செய்யக் கடல்காற்று வேண்டும். வீடு வெள்ளத்துக்குத் தப்ப அந்த மேடு வேண்டும். படகுக் கொட்டகைக்குக் கரை வேண்டும். வண்டித் தடத்துக்குக் காடு வேண்டும். பெயர்த்துக்கொண்டு போனால் மிஞ்சுவது பலகையும் ஆணியும்தான். ஃபுளோரிடா அரசு வீட்டை மட்டும் வாங்காமல் இத்தனையையும் சேர்த்து வாங்கியதைத்தான் நான் மெச்சுகிறேன்.

அடுக்குமாடி வந்தால் குடியேறப்போவது யார் என்பதையும் யோசியுங்கள். மயாமியில் கடலைப் பார்த்த ஜன்னல் பெரும்பணக்காரருக்குத்தான் கட்டுப்படியாகும். பார்னக்கிளில் சில டாலர் நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டு, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவரும் அதே கடலைப் பார்த்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைப் பிரிக்கலாம்.

எப்போது போகலாம், எதைக் கொண்டுபோகலாம்?
– வாசகி, மதுரை

டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில் இதம். ஜூனிலிருந்து நவம்பர்வரை புயல் காலம், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். பூங்கா வாரம் முழுக்கத் திறந்திருக்காது, கிளம்புமுன் மகளை விட்டு நாளையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வளாகத்தில் நீங்களாகவே சுற்றலாம், வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். மாடி ஏறணும், முட்டிவலிக்காரர்கள் நிதானமாகப் போங்கள். காட்டுப் பாதையில் கொசு உண்டு, முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் அவசியம். தண்ணீர் பாட்டிலும் கூடவே கட்டுச்சோறும் எடுத்துக்கொள்ளுங்கள். புளியோதரை என்றால் வெயிலுக்கும் கெடாது.