சதுரம் என்றால் சோறு, உருளை என்றால் குண்டு

2001 அக்டோபர் 7 இரவு ஆப்கானிஸ்தான் மீது அமெரிக்காவும் பிரிட்டனும் குண்டு போடத் தொடங்கின. அதே இரவில் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய சி-17 விமானங்கள் சுமார் 37,000 சாப்பாட்டுப் பொட்டலங்களையும் போட்டுவிட்டுப் போயின. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டையும் வானத்தில் இருந்தபடியே செய்யலாம் என்று காட்டியவர் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத்தான் பார்ப்போமே. மஞ்சள் பிளாஸ்டிக் உறை. மேலே அமெரிக்கக் கொடி, சாப்பிடுகிற ஒருவரின் படம், இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. உள்ளே பீன்ஸ், பருப்பு, வேர்க்கடலை வெண்ணெய், ஸ்ட்ராபெரி ஜாம், பிளாஸ்டிக் கரண்டி. மொத்தம் 2,200 கலோரி. யாருடைய மத உணர்வும் புண்படக் கூடாதாம், அதனால் இறைச்சி கிடையாது. என்ன கரிசனம்! கூரை பிய்ந்து விழலாம், மத உணர்வில் மட்டும் கீறல் படக் கூடாது.

அப்போது அந்த நாட்டில் உதவி உணவை நம்பி உயிரோடிருந்தவர்கள் சுமார் 75 லட்சம் பேர். ஆக, இருநூறு பேருக்கு ஒரு பொட்டலம். ஜாமை எப்படிப் பங்கு வைப்பது என்று உறையில் எழுதவில்லை. லாரி லாரியாகக் கோதுமை கொண்டுபோய்க் கொண்டிருந்த உதவி அமைப்புகளின் வேலையோ குண்டுவீச்சால் தடைப்பட்டது. காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிடங்குகள் மீது அக்டோபர் 16 அன்று குண்டு விழுந்தது. கூரையில் சிலுவைக் குறி இருந்தது. தவறு நடந்துவிட்டது என்றார்கள். பத்தே நாளில் அதே வளாகத்தில் மறுபடியும் போட்டார்கள். கோதுமையும் போர்வையும் எரிந்து போயின.

இதற்கிடையே கொத்துக் குண்டுகள். ஒன்றுக்குள் 202 சிறு குண்டுகள், ஒவ்வொன்றும் குளிர்பான டின் அளவு. நிறம்? அதுவும் மஞ்சள்தான்! எல்லாம் உடனே வெடித்துவிடாது. சில வயலிலும் வாசலிலும் கிடக்கும், யாராவது தொடும்வரை. பசித்த பிள்ளை எதைத் தொடும்?

உலகத்தின் மிக வலிமையான ராணுவத்துக்கு இது உறைக்க மூன்று வாரம் பிடித்தது. உறைத்ததும் குண்டு போடுவதை நிறுத்தவில்லை, வானொலியில் பாடம் நடத்தினார்கள். பாரசீகத்திலும் பஷ்துவிலும் அறிவிப்பு: சதுரமாக இருப்பது உணவு, உருளையாக இருப்பது குண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாத தாலிபானிடமிருந்து மீட்க வந்த மகான்கள் எடுத்த முதல் வகுப்பு, வடிவியல். தேர்வில் தவறினால் கை போகும். (அந்தப் பெண் பிள்ளைகளின் கதை: இருபது வருடம் கழித்து 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலுக்குத் திரும்பியது. இப்போது ஆறாம் வகுப்போடு சரி.)

2001 நவம்பரில் அமெரிக்கர்கள் ஒரு பெரிய முடிவு எடுத்தார்கள். இனி பொட்டலம் நீல நிறத்தில் வருமாம். குண்டைக் கைவிடும் யோசனை யாருக்கும் வரவில்லை.

கொத்துக் குண்டுகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 2008 டிசம்பரில் ஆஸ்லோவில் கையெழுத்தானது. ஆப்கானிஸ்தான் கையெழுத்துப் போட்டது. அமெரிக்கா போடவில்லை. ரொம்பவும் சிரிக்காதீர்கள், இந்தியாவும் போடவில்லை.