குட்டியுள்ள மானைச் சுடலாமா?

கேள்வி: அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் குட்டியோடு நிற்கும் மானைச் சுட மாட்டார்களாம். அந்த நியாயமே போதாதா, எதற்கு முழுத் தடை?
(கல்லூரி மாணவர், கிணத்துக்கடவு)

போதாதுங்க. சட்டமே அந்த நியாயத்தைத்தான் முதலில் நம்பியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, குட்டிகளையும் குட்டியோடு இருக்கும் பெண் விலங்கையும் சிறப்பு உரிமம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது என்றது. 1991 திருத்தம் உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையே அடைத்தது. 17-வது பிரிவையும் நீக்கியது.

அந்தப் பிரிவு 'குட்டியோடு இருக்கும்' தாயைத்தான் காத்தது. புள்ளிமான் குட்டி பிறந்த புதிதில் தாயோடு இருப்பதே குறைவு. உயர்ந்த புல்லுக்குள் தலையைத் தரையோடு தாழ்த்திப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஆள் நடந்தாலும் அசையாது. முதுகிலுள்ள வெள்ளைப் புள்ளிகள் சருகின் மேல் விழுந்த வெயிலோடு கலந்துவிடும். தாய் தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் திரும்பி வரும். துப்பாக்கிக்காரன் கண்ணில் படுவது ஒற்றை மான்தான். குட்டி இல்லை என்று அவன் மனசாரச் சொல்லலாம். அவன் கிளம்பிப் போன பிறகும் குட்டி அதே இடத்தில் பசியோடு காத்துக் கிடக்கும்.

கேள்வி: வெளிநாடுகளில் சட்டப்படியே பெண்மானைச் சுடுகிறார்களே?
(ஆசிரியை, கோவில்பாளையம்)

சுடுகிறார்கள். அங்கே ஓநாய் போன்ற எதிரி இல்லாத காடுகளில் மான் பெருகி, இளங்கன்று முளைக்க விடுவதில்லை. ஆனாலும் கணக்குப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் செம்மான், ரோ மான் போன்றவற்றின் பெண்களை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான் சுடலாம். கோடையில் பிறந்த குட்டி அதற்குள் ஓரளவு தேறியிருக்கும். ஜெர்மனியில், குட்டி தனித்து வாழும் வரை அதை வளர்க்கும் தாயைச் சுடுவது குற்றம்.

இங்கிலாந்திலேயே ஓர் இனம் இந்தக் கணக்கில் அடங்கவில்லை: சீனத்திலிருந்து கொண்டுபோய் விட்ட, கேளையாடு எனும் சிறு மானில் ஒரு வகை. அது ஆண்டு முழுக்க ஈனும். ஈன்ற சில நாளிலேயே மறுபடி சினைப்படும். அதனால் 'நிறைசினையாகத் தெரிவதைச் சுடுங்கள், அதன் முந்தைய குட்டி பால்குடி மறந்திருக்கும்' என்று வேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதைவிடக் குறைந்த கொடுமைக்கு அங்கே வழி இல்லை. நம் புள்ளிமானும் எந்த மாதத்திலும் ஈனும். இங்கே வேட்டையை அனுமதித்தால் நாமும் இப்படித்தான் வயிற்றைப் பார்த்துச் சுட வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் ஆண்மானைச் சுட்டால் பாவம் குறைவா?
(வாசகர், வடசித்தூர்)

பால்குடிக் குட்டி பட்டினி கிடக்காது, அவ்வளவுதான். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால் மந்தையும் குறையாது. பெண்ணை விட்டுவைத்த பழைய வேட்டை விதிகளில் இரக்கத்தைவிட இந்தக் கணக்கே அதிகம் என்பது என் எண்ணம். இன்றைய சட்டத்தில் ஆண், பெண் எல்லாம் ஒன்றுதான். புள்ளிமானைச் சுட்டால் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சரணாலயத்துக்குள் என்றால் சிறையே குறைந்தது மூன்றாண்டு.

கேள்வி: தாய் விலங்குக்கு இரங்குவது நம் மரபில் உண்டா?
(இல்லத்தரசி, சொக்கனூர்)

நிறைய உண்டும்மா. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றே ஒன்று இருக்கிறது. வேடனிடம் சிக்கிய பெண்மான் குட்டிக்குப் பால் கொடுத்துத் திரும்ப, நபிகள் நாயகம் தாமே பிணை நிற்கிறார். சொன்னபடி மான் திரும்பி வருகிறது. திருவிளையாடல் புராணத்தில் பாண்டியன் வேட்டையில் தாய்ப்பன்றி செத்துப்போக, தவித்த பன்னிரண்டு குட்டிகளுக்குச் சிவபெருமான் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். நம் கிணத்துக்கடவு பொன்மலையில் இருக்கும் வேலாயுதசாமியின் வள்ளியே மான் வயிற்றில் பிறந்தவள்தானே.

கேள்வி: மானுக்கு இரங்குகிறீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டை உழுதுபோடும் பன்றிக்கும் இரங்கணுமா?
(மக்காச்சோள விவசாயி, அரசம்பாளையம்)

உங்கள் நட்டம் நிஜமுங்க. கடன் வாங்கி விதைத்தவரிடம் இரக்கத்தை மட்டும் பேசுவது நியாயமில்லை. 2025-இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுட வழிசெய்தது. நாமே சுடவோ, கண்ணியோ அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியோ வைக்கவோ, வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சவோ அனுமதி இல்லை. கண்ணியும் வெடியும் தாயா குட்டியா என்று பார்க்காது. இழப்பீடு விரைவாகக் கிடைக்க வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். சுட வரும் வனத்துறையினரிடமும் ஒன்று கேட்பேன்: பால்மடி தொங்கும் பன்றி என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: மலையடிவாரத் தோப்பில் மான்குட்டி தனியாகக் கிடந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து பால் ஊற்றலாமா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆனைமலை)

தொடாதே, கண்ணு. பெரும்பாலும் அது அநாதையாக இருக்காது. தாய் பக்கத்தில் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். நீ நின்றால் அது வராது. நாயைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அடிபட்டிருந்தாலோ, தாய் செத்துக் கிடந்தாலோ உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல். நல்ல மனசோடு வளர்த்தாலும் அதுவும் சட்டப்படி குற்றம்தான் என்பதை வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிடு.