விற்றால் வழக்கு!

சொந்தக் காசில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை உடனே விற்றால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

மல்யுத்த வீரர் ஜான் சீனா 2017-ல் தன் ஃபோர்டு ஜிடி காரை வாங்கிய சில வாரங்களிலேயே விற்றார். எத்தனையோ பேரை மேடையில் மடக்கிப் போட்டவரை, ‘24 மாதம் விற்க மாட்டேன்’ என்ற ஒப்பந்தம் மடக்கிப் போட்டது! ஃபோர்டு வழக்குப் போட, மன்னிப்புக் கேட்டார்; சமரசத் தொகை தர்மத்துக்குப் போனது.

போர்ஷே இன்னும் உஷார். 2023-ல் அறிவித்த 911 எஸ்/டி-யை அமெரிக்காவில் முதல் வருஷம் லீஸுக்குத்தான் கொடுத்தது. கார் உங்கள் பெயரிலேயே இல்லை; எதை விற்பீர்கள்?

நஷ்டம் கம்பெனிக்கு மட்டுமல்ல. ஜிடி-யின் முதல் 500 கார்களுக்கு 6,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஓட்டும் ஆசையோடு காத்திருந்தவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு லாபம் பார்ப்பது அநியாயம்.