தலையும் கோப்பும்

மூளையின் மடிப்பு ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் பெயர் வைத்த விஞ்ஞான உலகம், தன் கணினிக் கோப்புகளுக்கு 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்றே பெயர் வைத்து வந்தது. ஆய்வு மாணவர் பட்டத்தோடு வெளியேறினால், எந்தப் படம் எவருடைய தலை என்ற விவரமும் கூடவே வெளியேறும்.

2016இல், மூளைப் படத் தரவை அடுக்கிவைக்க 'பிட்ஸ்' (BIDS) ஒழுங்குமுறை வந்தது. கோப்புறைக்கு விதி, பெயருக்கு விதி, பிழை பிடிக்க ஒரு மென்பொருள். நினைவாற்றலை ஆராய்வோருக்கு ஞாபகப்படுத்த ஒரு கணினி!

அடுக்குவதோடு பகிர்வதும் வந்தது: 2024 டிசெம்பரில் சென்னை ஐஐடி, கருச்சிசு மூளையின் 5,132 வெட்டுப்படங்களை 'தரணி' என்ற பெயரில் உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. உடையார்கட்டுக் கிராமத்தில் இருந்தும் பார்க்கலாம், கவரேஜ் கிடைத்தால்.

பக்கத்து அறை ஆய்வுகூடத்தின் தரவைப் பார்க்கத்தான் நாலு மின்னஞ்சல், ஒரு பிளேன்டீ, பேராசிரியரின் நல்ல மனநிலை எல்லாம் வேண்டும்.