இடிந்தால் இன்னும் உயரமாய்க் கட்டு!

1066இல் இங்கிலாந்தைப் பிடிக்கக் கிளம்பிய வில்லியமுக்கு, ரெமிஜியஸ் என்ற துறவி ஒரு கப்பலும் 20 குதிரை வீரர்களும் மொய் வைத்தார். மொய் சும்மா போகுமா? ஆயர் பதவியாகத் திரும்பி வந்தது. மொய்க்கு வாங்கிய பதவி என்ற புகார் ரோமாபுரி வரை போயும் பதவிக்குச் சேதமில்லை.

1072இல் இங்கிலாந்தின் லிங்கன் நகர மலை உச்சியில் அவருடைய பேராலயம் எழும்பத் தொடங்கியது. 20 வருடம் கட்டினார்கள். 1092இல் அர்ச்சிப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஓரிரு நாள் முன்னதாக ரெமிஜியஸ் கண்ணை மூடிவிட்டார். சகுனம் அப்போதே சரியில்லை.

அடுத்து மரக்கூரை எரிந்தது. நெருப்புக்குப் பயந்து கல்லால் கூரை வேய்ந்தார் ஆயர் அலெக்சாண்டர். 1185இல் நிலநடுக்கம் வந்து கட்டடத்தைப் பிளந்து போட்டது.

பிறகு வந்த ஆயர் ஹியூ நல்ல மனிதர். 1192இல் மறுபடி கட்டத் தொடங்கியபோது தாமே சித்தாளாகிச் சாந்து சுமந்தாராம். கொத்தனார்தான் வில்லங்கம். அவர் போட்ட கூரை வளைவுகள் இடமும் வலமும் ஒத்துப்போகாமல் கோணிக்கொண்டு நிற்கும். அது பிழையா மேதைமையா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். விழாமல் நிற்பதால் மேதைமை என்பது என் தீர்ப்பு.

அடுத்த கூத்து 1230களின் பிற்பகுதியில். ஆயர் கிராஸ்டெஸ்டுக்கும் அவருடைய குருக்களுக்கும் ஆகவே ஆகாது. ஒரு குரு பிரசங்கத்தில் ஆயரை வறுத்தெடுத்து, “நாங்கள் வாயை மூடினாலும் இந்தக் கற்கள் கத்தும்” என்றாராம். நடுக்கோபுரம் மடமடவென்று சரிந்தது. அந்தக் காலத்துத் துறவி மாத்யூ பாரிஸ் எழுதிவைத்த கதை இது. அஸ்திவாரத்தை விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

இதற்கிடையே ஹியூ புனிதராகிவிட்டார். சாந்து சுமந்தவரின் கல்லறைக்கு இடம் போதவில்லை என்று, மூன்றாம் ஹென்றியிடம் அனுமதி வாங்கி நகரின் மதிலையே இடித்துக் கட்டடத்தை நீட்டினார்கள்.

விழுந்த கோபுரத்தை 1311க்குள் முன்னைவிட உயர்த்தினார்கள். அதன் தலையில் ஈயத்தகடு போர்த்திய மர ஊசிக்கோபுரம். மொத்தம் 525 அடி, எகிப்தின் பெரிய பிரமிடை விட உயரம் என்று பரம்பரைக் கணக்கு. மலை உச்சியில், காற்றுக்கு நேராக! ஆனாலும் இருநூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1548இல்தான் கீழே வந்தது.

மேற்குக் கோபுரங்களின் கூர்முனைகளையாவது நாமே பத்திரமாகக் கழற்றுவோம் என்று 1726இல் நிர்வாகம் கிளம்பியது. ஊரார் திரண்டு கலகம் செய்து தடுத்தார்கள். நிர்வாகம் பொறுமையாகக் காத்திருந்து, 1807இல் கழற்றிவிட்டது.