ஐந்தாம் பாகத்தின் பளபளப்பு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. மணியம் வரைந்த ஓவியங்களோடு இதழ்த் தாள்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த வீடுகள் அதைப் படித்தன. பிற்காலத்து ஐந்து பாகத் தொகுப்போ பெரும்பாலும் டிவிக்குப் பக்கத்து அலமாரிச் சாமான். முதல் பாகத்தில் காபிக் கறை. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் இடத்தில் பக்க முனை மடிப்பு. இரண்டாம் பாகத்தில் பழைய கரண்ட் பில். ஐந்தாம் பாகம் கடையில் வாங்கிய பளபளப்போடு அப்படியே இருக்கும். மணிரத்னத்தின் படங்கள் 2022, 2023இல் வந்தபோது “நாவல்ல இப்படி இல்லையே!” என்று இடைவேளையில் உரக்கக் குறைபட்டுக்கொண்டதும் இந்த அலமாரி வீட்டார்தான். நாவலில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டால் மட்டும் பேச்சு சட்டென்று ஐஸ்வர்யா ராயின் நகைகளுக்குத் தாவிவிடும்.